கூரைக்கு மேலே யாருக்கு உரிமை?

ஊர் விட்டு ஊர் வந்து பிழைப்போருக்குச் சொந்தமாக ஒரு மனை வாய்ப்பது பெரும் பேறு. ஹெப்பாளில் குடியேறிய நம்மவருள் பலர், 30-க்கு 40 அடி மனையொன்றை அடைவதற்குள் தலை நரைத்துவிட்டவர்கள். அம்மனையின் நான்கெல்லைகளும் பத்திரத்தில் தெளிவாக எழுதப்பட்டிருக்கின்றன. கிழக்கே இன்னார் வீடு, மேற்கே பொதுப்பாதை என்று அளவும் திசையும் குறித்துச் சாட்சிகள் கையொப்பமிட்டிருக்கிறார்கள். ஆயின் ஐந்தாவது எல்லையொன்று உண்டு, அதுதான் மேலெல்லை. அதனை எந்தப் பத்திர எழுத்தரும் எழுதுவதில்லை.

நம் கூரைக்கு மேலுள்ள வெளி யாருடையது? அதில் ஒரு கம்பம் நாட்ட நமக்கு உரிமை உண்டா? அண்டை வீட்டார் வேண்டாமென்றால் அதனை இறக்கத்தான் வேண்டுமா? இக்கேள்விகள் அமெச்சூர் வானொலிக்காரர்களைச் சுற்றியே உலகெங்கும் மிகுதியாக எழுந்துள்ளன. அரசினர் நடத்தும் தேர்வில் தேறி, உரிமமும் அழைப்புக்குறியும் பெற்று, தம் வீட்டிலிருந்தே சொந்தக் கருவியால் தொலைவிலுள்ளாரோடு ஊதியம் கருதாது பேசுவோரே அமெச்சூர் வானொலிக்காரர்கள். ஹாம் என்றும் அவர்களைக் கூறுவர். இவ்வரலாற்றில் நான் இறங்கியதற்குச் சொந்தக் காரணமொன்றும் உண்டு. அதைக் கட்டுரையின் கடைசியில் மறையாது கூறுவேன்.

வானம் முதல் பாதாளம் வரை

நிலத்துக்கு உடையவனே அதன்மேல் வானம் வரைக்கும், கீழே பாதாளம் வரைக்கும் உடையவன் என்பது ஐரோப்பியச் சட்ட அறிஞரின் பழங்கொள்கை. 13-ஆம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டுப் பொலோனா நகரின் உரையாசிரியர்களிடம் காணப்படும் இக்கொள்கை, பின்னர் இங்கிலாந்துக்குச் சென்று அங்கே வேரூன்றியது. வானத்தில் பறவையன்றி வேறொன்றும் பறவாத காலத்தில் இதனால் எவருக்கும் தொல்லையில்லை. 1783-இல் பாரிஸ் நகரத்தின்மேல் மனிதர் ஏறிய பலூன் பறந்தது. 1903-இல் ரைட் சகோதரர் விமானத்தைப் பறக்கவிட்டனர். அதன்பின் கொள்கை ஆட்டங்கண்டது.

அமெரிக்காவில் வடகரோலினா மாநிலத்தில் கோழிப்பண்ணை வைத்திருந்த குடும்பத்தின் வழக்கு இங்கே நினைக்கத்தக்கது. அவர்கள் நிலத்துக்கு 83 அடி உயரத்தில் போர்விமானங்கள் இறங்கிச் செல்ல, அச்சத்தால் சுவரில் மோதி 150 கோழிகள்வரை இறந்தன. 1946-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் இரண்டு தீர்ப்புகளை ஒருங்கே கூறியது. வானம் வரைக்கும் உரிமையென்னும் பழங்கொள்கை இந்நாளுக்கு ஒவ்வாதது என்றது. அதேசமயம் நிலத்தை அனுபவிப்பதற்கு வேண்டிய அளவு மேல்வெளி உடையவனுக்கே சேரும், அதைக் கெடுத்தால் இழப்பீடு தரவேண்டும் என்றது.

இங்கிலாந்தில் 1957-இல் நடந்த வழக்கோ அங்குலக் கணக்கு. ஒரு புகையிலைக் கடையின் கூரைக்கு மேல், பக்கத்துக் கட்டடத்து விளம்பரப் பலகை 8 அங்குலம் நீண்டிருந்தது. அதனால் கடைக்காரருக்குப் பெரிய நட்டமில்லை. ஆயினும் அது அத்துமீறலே என்று கூறிப் பலகையை எடுக்கும்படி நீதிமன்றம் ஆணையிட்டது. ஆகவே உடையவனுக்கு மேல்வெளியில் உரிமை உண்டு. அது அவன் நிலத்தை நேர்மையாகப் பயன்படுத்தத் தேவையான உயரம்வரை உண்டு. அடுத்தவன் மேல்வெளியிலோ 8 அங்குலம்கூட இல்லை. இம்மூன்றும் கம்பம் நாட்டுவோர் மனத்தில் கொள்ளவேண்டியவை.

பத்திரத்தில் ஏறிய கட்டுப்பாடு

சொந்த நிலத்தைச் சொந்த விருப்பப்படி ஆளமுடியாதபடி அண்டையார் தடுக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது? லண்டன் மாநகரின் லெஸ்டர் சதுக்கத்திலிருந்து வந்தது எனலாம். அச்சதுக்கத்தின் தோட்டத்தை 1808-இல் அதன் உடையவர் விற்றபோது, அதனைத் தோட்டமாகவே வைத்திருக்க வேண்டும், கட்டடம் எழுப்பலாகாது என்று பத்திரத்தில் நிபந்தனை எழுதினார். தோட்டம் பல கைமாறி மோக்சே என்பவரிடம் வந்தது. நிபந்தனை தெரிந்தே வாங்கிய அவர், 'நான் கையொப்பமிடவில்லையே' என்று கட்டடம் எழுப்ப முனைந்தார். 1848-இல் நீதிமன்றம் அவரைத் தடுத்தது. தெரிந்து வாங்கியவனை நிபந்தனை கட்டும் என்ற நெறி அன்று உறுதியாயிற்று.

பிரிட்டிஷ் இந்தியாவில் 1882-இல் இயற்றப்பட்ட சொத்து மாற்றுச் சட்டத்தின் 40-ஆம் பிரிவில் இந்நெறி இடம்பெற்றது. மைசூரிலோ 1903-ஆம் ஆண்டிலேயே நகர அபிவிருத்தி டிரஸ்ட் போர்டு ஏற்பட்டுவிட்டது. பிளேக் நோயின் கொடுமையைக் கண்ட நகரத்துக்கு அகன்ற தெருவும் காற்றோட்டமும் உயிர்நாடியாகத் தோன்றியதில் வியப்பில்லை. வீட்டைச் சுற்றி இவ்வளவு இடம் விடுக, இவ்வளவு உயரம் கட்டுக என்னும் விதிகள் இன்று நம்மையும் ஆள்கின்றன. அடுக்குமாடிக் குடியிருப்பு எனின் 1972-ஆம் ஆண்டின் கர்நாடக அபார்ட்மென்ட் உடைமைச் சட்டம் உண்டு. அங்கே மேல்மாடித் தளம் பெரும்பாலும் எல்லாருக்கும் பொது. அதில் ஒருவர் கம்பம் நாட்டப் பிறர் இசைவு வேண்டும். இக்கட்டுப்பாடுகள் கெட்டவையென்று எவரும் சொல்லார். அவை இல்லாவிடில் நம் தெருக்கள் தெருக்களாக இரா.

அரசின் கம்பமும் குடிமகனின் கம்பமும்

இரயில்வேயில் பணியாற்றும் எம்போன்றோர்க்குத் தந்திக்கம்பம் பழைய தோழன். அக்கம்பத்தை ஒருவர் நிலத்தில் நாட்ட அரசினர்க்கு அதிகாரமளித்தது 1885-ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம். அதன் 10-ஆம் பிரிவின்படி, தந்தி அதிகாரி எந்த அசையாச் சொத்தின் மேலும் கம்பி இழுக்கலாம், கம்பம் நடலாம். நிலம் அரசினுடையது ஆகிவிடாது. பயன்படுத்தும் உரிமை மட்டுமே அவர்க்கு உண்டு. சேதமானால் ஈடு தரவேண்டும். 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் இம்முறையை மாற்றியமைத்தது. அதன் வழியுரிமைப் பிரிவுகள் 2024 ஜூன் 26 முதல் நடைமுறையில் உள்ளன. தனியார் நிலமெனின் முதலில் உடையவரைக் கேட்க வேண்டும். அவர் உடன்படாதபோது பொதுநலம் கருதி அரசினர் முடிவு செய்யலாம்.

இதன் கருத்தை எண்ணிப் பாருங்கள். செய்தி ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் போவது பொதுநன்மை. அதற்காகத் தனியொருவரின் உரிமை சற்றே வளைந்து கொடுக்கலாம் என்பதை நம் சட்டம் நூறாண்டுக்கு மேலாக ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆயினும் அந்நன்மையைத் தன் வீட்டில் தன் செலவில் செய்யும் குடிமகனின் கம்பத்துக்கு அத்தகைய பாதுகாப்பு எதுவும் கிட்டவில்லை. 1933-ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமமின்றிக் கருவி வைத்திருப்பதையே குற்றமாக்கியது. 1978-ஆம் ஆண்டின் அமெச்சூர் விதிகள் தேர்வையும் அலைவரிசைகளையும் வகுத்தன. அலையைச் செலுத்த இசைவளிப்பது அரசின் வேலை. கம்பம் நாட்டுவதோ நகராட்சியையும் சங்கத்தையும் அண்டை வீட்டாரையும் பொறுத்தது.

வீடுகளில் பிறந்த வானொலி

நம் நாட்டு வானொலி அரசு மாளிகையில் பிறந்ததன்று. ஆர்வலர் கைகளிலேயே பிறந்தது. 1921-இல் கல்கத்தாவில் அமரேந்திர சந்திர குப்து முதல் அமெச்சூர் நிலையத்தைத் தொடங்கினார். அவரை அடுத்து முகுல் போஸ் வந்தார். நம் சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று 1924 மே 16-ஆம் நாள் சென்னை மாகாண ரேடியோ கிளப்பை ஏற்படுத்தினார். அவ்வாண்டு ஜூலை 31 முதல் 40 வாட் ஆற்றலுள்ள சிறு கருவியால் ஒலிபரப்பு நடந்தது. பொருள் முட்டுப்பாட்டால் 1927-இல் கிளப் ஓய்ந்தது. அதன் கருவியைச் சென்னை மாநகராட்சி ஏற்று 1930 ஏப்ரல் 1 முதல் ஒலிபரப்பியது. 1938 ஜூன் 16-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியது. சென்னை வாசிகள் கேட்ட முதற் கச்சேரிக்கு வித்திட்டவர் தம் கைக்காசைச் செலவிட்ட ஓர் ஆர்வலரே.

மைசூரின் கதை இன்னும் அண்மையது. ஹெப்பாளிலிருந்து அவ்விடம் தொலைவன்று. மகாராஜா கல்லூரியில் உளவியல் பேராசிரியராயிருந்த எம். வி. கோபாலசுவாமி, 'விட்டல் விஹார்' என்னும் தம் இல்லத்திலேயே 1935 செப்டம்பர் 10-ஆம் நாள் ஒலிபரப்பு நிலையமொன்றைத் தொடங்கினார். முதற்கருவியின் ஆற்றல் 30 வாட் மட்டுமே. இன்று நம் வீடுகளில் ஒரு சிறு விளக்குக்கும் மின்விசிறிக்கும் இடைப்பட்ட அளவு அது. அந்நிலையத்துக்கு இட்ட பெயர் 'ஆகாசவாணி'. பிற்காலத்தில் நாடு முழுவதன் வானொலிக்கும் அதுவே பெயராயிற்று. இன்றைய மைசூர் ஆகாசவாணி நிலையம் யாதவகிரியில் அவ்வில்லத்துக்கு ஏறத்தாழ 200 கஜத் தொலைவில் நிற்கிறது. எழுத்தாளர் ஆர். கே. நாராயணின் இல்லமும் அதே யாதவகிரியில்தான் உள்ளது. அதனைக் காணச் செல்லும் நம் குழந்தைகளுக்கு இதனையும் காட்டுதல் நலம்.

அன்று அப்பேராசிரியரின் வீட்டுக்கம்பத்தைக் கண்டு, 'தெருவின் அழகு கெடுகிறது' என்று ஒரு விண்ணப்பம் எழுதப்பட்டு, அது வென்றிருந்தால்? 'ஆகாசவாணி' என்னும் பெயரே நம் செவிக்கு எட்டாதிருக்கலாம்.

அஞ்சப்பட்ட கம்பம்

கம்பத்தைக் கண்டு அரசினரே அஞ்சிய காலமும் உண்டு. 1939-இல் உலகப்போர் மூண்டதும் அமெச்சூர்கள் தம் ஒலிபரப்புக் கருவிகளைப் போலீசாரிடம் ஒப்படைக்க வேண்டுமென்று ஆணை பிறந்தது. 1942-இல் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தின்போது, உஷா மேத்தாவும் தோழர்களும் பம்பாயில் காங்கிரஸ் ரேடியோவை மறைவாக நடத்தினர். நிலையத்தை ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டுக்கு மாற்றிக்கொண்டேயிருந்தனர். அவ்வாண்டு நவம்பர் 12-இல் பிடிபட்டனர். கம்பமும் கருவியும் பேச்சுரிமையின் உறுப்புகள் என்பதை இதனினும் தெளிவாகக் கூறும் நிகழ்ச்சி வேறில்லை.

விடுதலைக்குப்பின் அவ்வச்சம் தணிந்தது. அப்பொழுதுபோக்கின் பயனும் விளங்கியது. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கித் தொலைபேசிகள் வாயடைத்தபோது, பாரதி பிரசாத் தலைமையில் அமெச்சூர் குழுவொன்று தற்செயலாகப் போர்ட் பிளேரில் தங்கியிருந்தது. தம் பொழுதுபோக்குக்காகக் கொண்டுபோயிருந்த கருவிகளைக்கொண்டே அவர்கள் தீவுகளுக்கும் தாய்நிலத்துக்கும் இடையே செய்திகளைக் கொண்டுசேர்த்தனர். 'என் மகன் உயிரோடிருக்கிறானா?' என்று தவித்த குடும்பங்களுக்கு அன்று அலைவழியே விடை வந்தது.

உயரம் எதற்கு?

'பேசுவதற்கு இவ்வளவு உயரமா? பெருமைக்கன்றோ!' என்று சிலர் கருதலாம். கணக்கு வேறு சொல்கிறது. அமெச்சூர்கள் மிகுதியும் பயன்படுத்தும் அலைவரிசைகளுள் ஒன்று 7 மெகாஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் ஏறத்தாழ 40 மீட்டர். அரை அலைக்கு இழுக்கும் ஏரியல் கம்பி 20 மீட்டர், அதாவது சுமார் 66 அடி. நம் 30-க்கு 40 அடி மனையிலோ மூலைக்கு மூலை இழுத்தாலும் 50 அடிதான். கம்பி மனைக்குள் அடங்க வேண்டுமானால் நடுவில் கம்பம் நாட்டி உயர்த்தி, இருமுனைகளையும் சாய்த்து இறக்க வேண்டும். தாழ்வாகக் கட்டினால் அலையின் பெரும்பகுதி தொலைவுக்குச் செல்லாமல் மேல்நோக்கியே போய்விடும். ஆகவே உயரம் வீண்பெருமையன்று. இக்கணக்கு புலப்படுத்துவது மற்றொன்றும் உண்டு: சிறுமனைக்காரனுக்கு அண்டை வீட்டாரின் நல்லெண்ணமின்றி இப்பொழுதுபோக்கு நடவாது.

பிற நாடுகள் கண்ட வழி

இச்சிக்கலைப் பிற நாட்டார் எவ்வாறு அவிழ்த்தனர்? ஸ்பெயின் நாடு 1983-இலும், பிரேசில் 1994-இலும் தனிச்சட்டமே இயற்றி, உரிமம் பெற்ற அமெச்சூர் தம் கட்டடத்தில் ஏரியல் அமைக்கும் உரிமையை ஏற்றன. அமெரிக்காவில் நடுவண் தொலைத்தொடர்பு ஆணையம் 1985-இல் ஓர் ஆணை பிறப்பித்தது. நகராட்சிகள் உயரத்துக்கும் பாதுகாப்புக்கும் விதி செய்யலாம். ஆயின் அமெச்சூருக்கு நியாயமான இடங்கொடுத்தே தீரவேண்டும், தேவைக்கு மிஞ்சிய தடை கூடாது என்பது அதன் சாரம். ஆனால் குடியிருப்புச் சங்கங்கள் விற்பனைப் பத்திரத்தில் எழுதிவைக்கும் தனியார் நிபந்தனைகளை அவ்வாணை தொடவில்லை. லெஸ்டர் சதுக்கத்தின் நெறி அங்கே இன்னும் ஆட்சி செய்கிறது. ஒரு மீட்டருக்கு உட்பட்ட தொலைக்காட்சித் தட்டுக்கு 1996-இல் கிடைத்த பாதுகாப்பு அமெச்சூர் கம்பத்துக்குக் கிட்டவில்லை. அதனைப் பெற்றுத்தரப் பாராளுமன்றத்தில் மசோதாக்கள் பலமுறை வந்தும் சட்டமாகவில்லை. படம் பார்ப்பவனுக்கு உள்ள உரிமை, பேரிடரில் பேசுபவனுக்கு இல்லாமற்போனது விந்தையே.

நான் எழுதிய விண்ணப்பம்

இப்போது என் காரணத்தைக் கூறுகிறேன். சில ஆண்டுகளுக்குமுன் எங்கள் தெருவில், ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் தம் மொட்டைமாடியில் கம்பம் நாட்டிக் கம்பி இழுத்தார். உரிமம் பெற்றவர், பொறுமையானவர். அந்நாட்களில் எங்கள் தொலைக்காட்சிகளில் மாலைதோறும் கோடுகள் ஓடின. கம்பத்தின் மேலேயே எல்லார் கண்ணும் சென்றது. கம்பம் சாயும், இடி விழும், குழந்தைகளுக்குக் கேடு என்று ஆளுக்கொன்று கூறினர். அலுவலகக் கடிதம் எழுதிப் பழகிய கையென்று விண்ணப்பம் எழுதும் வேலை என்னிடம் வந்தது. 'தங்கள் மேலான கவனத்துக்கு' என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதினேன். பதினொரு வீட்டார் கையொப்பமிட்டனர். முதியவர் ஒரு சொல்லும் எதிர்க்கவில்லை. மறுவாரமே கூலியாள் ஒருவரை அழைத்துக் கம்பத்தை இறக்கிவிட்டார்.

கம்பம் இறங்கியது, கோடுகள் இறங்கவில்லை. ஒரு மாதம் கழித்துக் கேபிள் பழுதுபார்ப்பவர் வந்து, தெருமுனையில் மழைநீர் புகுந்து துருப்பிடித்திருந்த இணைப்பொன்றை மாற்றினார். அன்றே படம் தெளிந்தது. நான் முதியவர் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். "போகட்டும் தம்பி, நீங்கள் ஒருநாள் மாலை என்னிடம் வந்து, 'ஐயா, கருவியைச் சற்றே நிறுத்துங்கள், பார்ப்போம்' என்று சொல்லியிருந்தால் போதுமே" என்றார். அடுத்த ஆண்டு அவர் மகனுடன் வசிக்க வெளியூர் சென்றுவிட்டார். கம்பம் மீண்டும் ஏறவேயில்லை.

அச்சொல்லே இக்கட்டுரைக்கு வித்து. சட்டம் பேசாத இடத்தில் அண்டை வீட்டாரின் நேர்மையே சட்டம். அதனை நான் தவறவிட்டேன்.

நம் காலனிக்கு ஒரு வேண்டுகோள்

நாளை நம் பிள்ளைகளுள் ஒருவன் தேர்வெழுதித் தேறி, 'அப்பா, மாடியில் ஒரு கம்பம் நாட்டலாமா?' என்று கேட்கக்கூடும். அப்போது நம் சங்கத்தார் என்ன சொல்ல வேண்டும்? முதலில் உரிமத்தைக் காட்டச் சொல்லலாம். கம்பத்தின் இழுகம்பிகள் தன் மனைக்குள்ளேயே கட்டப்பட வேண்டும். சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரம் இருக்கவேண்டும். இடியைத் தரைக்கு இறக்கும் அமைப்பு முறைப்படி இருக்கவேண்டும். புயற்காற்றுக் காலத்தில் மடக்கி இறக்கக்கூடிய கம்பமாயின் மிக நன்று. கம்பி அண்டை வீட்டின்மேல் செல்வதானால் எழுத்தில் இசைவு பெறவேண்டும். லண்டன் கடைக்காரரின் 8 அங்குலத்தை மறவாதீர்கள். தொலைக்காட்சியில் கோளாறு கண்டால், இருவரும் கூடிக் கருவியை இயக்கியும் நிறுத்தியும் பார்த்து, நேரத்தைக் குறித்து வைத்து, அதன்பின்னரே முடிவு கூறவேண்டும்.

எதிர்ப்பவர்க்கும் ஒரு கடமை உண்டு. ஆபத்தைக் காட்டினால் கேட்போம். அத்துமீறலைக் காட்டினால் திருத்துவோம். 'கண்ணுக்கு நன்றாயில்லை' என்பதை மட்டும் காரணமாகக் கொள்ளலாகாது. நம் மாடிகளில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டியும், வெந்நீர்க் கருவியும், தொலைக்காட்சித் தட்டும், காயும் துணியும் நிற்கின்றன. அவற்றில் எதனைப் பற்றியும் நாம் விண்ணப்பம் எழுதியதில்லை.

பிறமொழி நாட்டில் வந்து வாழும் நமக்கு, அண்டை வீட்டாரின் பெருந்தன்மை இன்னதென்று சொல்லித் தெரியவேண்டுவதில்லை. கன்னட மக்கள் நமக்குத் தெருவில் இடங்கொடுத்தார்கள்; கோயிலிலும் பள்ளியிலும் இடங்கொடுத்தார்கள்; பொங்கலன்று நம் வாசலில் நின்று சிரித்தார்கள். நம் அண்டையில் நிற்கும் ஒரு கம்பத்துக்கு வானத்தில் சிறிது இடங்கொடுத்தால் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது. மைசூரின் ஒரு வீட்டில் 30 வாட்டில் எழுந்த குரல் நாட்டின் குரலாயிற்று. அடுத்த குரல் ஹெப்பாளிலிருந்து எழக்கூடும். அதனை எழவிடுவதும் அடக்குவதும் நம் கையொப்பத்தில் இருக்கின்றன.